விமான நிலையத்தில் ‘இலவச’ உபசரிப்பு: பற்று யார் கணக்கில்?

வன்னியம்பட்டி விலக்கில் ஒரு மணி நேரம் நின்றால் நம் பகுதி வியாபாரம் முழுவதும் கண்ணில் பட்டுவிடும். ராஜபாளையத்துக்குப் பஞ்சு ஏற்றிச் செல்லும் லாரி, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வேன், செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்குப் போகும் பலசரக்கு லாரி என்று வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். முன்பெல்லாம் நம் வணிகர்கள் கொள்முதலுக்கு விருதுநகர், மதுரை வரை போவார்கள். மிஞ்சிப் போனால் குண்டூர், மும்பை. இன்று அப்படி இல்லை. ஆண்டுதோறும் துபாயில் நடக்கும் கல்ஃபுட் கண்காட்சிக்கும், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஜெர்மனியில் கொலோன் நகரில் நடக்கும் அனுகா உணவுப் பொருள் கண்காட்சிக்கும் நம்மவர்கள் போய் வருகிறார்கள்.

2025 அக்டோபரில் நடந்த அனுகாவுக்கு நம் பகுதியிலிருந்து மூன்று பேர் புறப்பட்டோம். ஒருவர் வத்தல் மொத்த வியாபாரி. அறுபதைக் கடந்தவர், முழங்கால் வலிக்காரர். அதனால் பிசினஸ் கிளாஸ் டிக்கெட் எடுத்திருந்தார். இன்னொருவர் மசாலாப் பொடி தயாரிப்பவர். மூன்றாவது நாம். மற்ற இருவருக்கும் சாதாரண வகுப்புத்தான். பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிக் காலையில் தாம்பரத்தில் இறங்கினோம். பகலில் பாரிமுனை கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் அவரவர் வேலையை முடித்துக்கொண்டு, மாலையில் மின்சார ரயிலில் திரிசூலம் வந்து சேர்ந்தோம். விமானம் நள்ளிரவுக்குப் பிறகு. பெட்டிகளைப் போட்டு, குடியேற்றச் சோதனை, பாதுகாப்புச் சோதனை எல்லாம் முடிந்தபோது இரண்டரை மணி நேரம் கையில் இருந்தது. அப்போதுதான் லவுஞ்ச் என்னும் ஓய்வுக்கூடத்தின் வாசலுக்குப் போனோம்.

அந்த வாசலில் கண்டது வணிகர்கள் அறிந்துகொள்ள வேண்டிய விஷயம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஒரே இட்லி, மூன்று கணக்கு

வத்தல் வியாபாரி தம்முடைய விமான ஏற்றச் சீட்டைக் காட்டினார். உள்ளே போகச் சொன்னார்கள். பணம் கேட்கவில்லை. மசாலாக்காரர் வங்கி கொடுத்த கிரெடிட் கார்டை நீட்டினார். இயந்திரத்தில் தேய்த்தார்கள், அவரையும் விட்டார்கள். நாமும் நம் கார்டை நீட்டினோம். “சார், போன காலாண்டில் 50,000 ரூபாய் செலவு செய்திருந்தால்தான் இந்தக் கார்டுக்கு அனுமதி” என்றார்கள். கார்டு தரும்போது இந்த நிபந்தனையை நமக்கு யாரும் வாய் திறந்து சொல்லவில்லை; நாமும் படிக்கவில்லை. கூட வந்தவர்கள் உள்ளே இருக்க நாம் மட்டும் வெளியே உட்காருவானேன் என்று, ஆயிரத்துக்கு மேல் பணம் கட்டி உள்ளே போனோம்.

உள்ளே மூவருக்கும் ஒரே உபசாரம்தான். சாய்ந்து உட்கார நல்ல நாற்காலி, கைபேசிக்கு மின்சாரம் ஏற்ற வசதி, சுத்தமான கழிப்பறை, பத்திரிகை, சூடாக இட்லி, உப்புமா, ரொட்டி, காப்பி. கேட்பவர்களுக்கு மதுவும் உண்டு. ஒரே பாத்திரத்து இட்லியை மூவரும் எடுத்துச் சாப்பிட்டோம். ஆனால் அந்த இட்லி மூன்று பேரேடுகளில் பற்று எழுதப்பட்டது. முதலாவது விமானக் கம்பெனி கணக்கில். இரண்டாவது வங்கியின் கணக்கில். மூன்றாவது நம் சட்டைப் பையில்.

நான்காவதாக ஒரு கணக்கும் உண்டு. அது ஊரில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கடைக்காரரின் கணக்கு. அவர் விமான நிலையத்தைப் பார்த்தே இருக்க மாட்டார். அதைப் பின்னால் சொல்கிறோம்.

லவுஞ்ச் வந்த கதை

1939-ல் நியூயார்க் லகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் ‘அட்மிரல்ஸ் கிளப்’ என்ற பெயரில் ஒரு தனி அறை திறந்தது. அக்காலத்தில் நிறுவனம் அழைத்தவர்கள் மட்டுமே உள்ளே போகலாம். பெரிய வாடிக்கையாளர் வந்தால் முதலாளி உள் அறைக்கு அழைத்து உட்கார வைத்துப் பேசுவதில்லையா, அதே வழக்கம்தான்.

1970-களின் கடைசியில் பிசினஸ் கிளாஸ் வந்தது. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் 1979-ல் அந்தப் பெயரில் தனி வகுப்பைத் தொடங்கியது. முழுக் கட்டணம் கொடுத்து அடிக்கடி பறக்கும் வியாபாரிகளைக் கைவிட்டுப் போகாமல் பிடித்து வைப்பதே நோக்கம். டிக்கெட்டோடு லவுஞ்சும் சேர்ந்தது. போட்டி வளர வளர லவுஞ்சும் வளர்ந்தது. 2014-ல் திறந்த தோகா ஹமத் விமான நிலையத்தில் கத்தார் ஏர்வேஸ் அமைத்த அல் மூர்ஜான் லவுஞ்ச் பத்தாயிரம் சதுர மீட்டர். நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர்.

1992-ல் பிரையாரிட்டி பாஸ் என்ற நிறுவனம் வேறொரு வழி கண்டது. எந்த விமானத்தில் எந்த வகுப்பில் போனாலும் சரி, சந்தா கட்டினால் பல ஊர் லவுஞ்சுகளில் நுழையலாம் என்றது. பிறகு வங்கிகள் இந்தச் சலுகையை மொத்தமாக வாங்கித் தங்கள் கார்டோடு சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தன. சோப்பு வாங்கினால் டம்ளர் இலவசம் என்பதைப் போலக் கார்டு வாங்கினால் லவுஞ்ச் இலவசம் என்றாயிற்று.

இந்தியாவில் இந்தத் தொழில் பங்குச் சந்தைக்கு வரும் அளவுக்குப் பெருகிவிட்டது. வங்கிகளுக்கும் லவுஞ்சுகளுக்கும் நடுவில் தரகுபோல் நின்ற டிரீம்ஃபோக்ஸ் நிறுவனம் 2022 செப்டம்பரிலும், லவுஞ்சுகளும் விமான நிலைய உணவுக் கடைகளும் நடத்தும் டிராவல் ஃபுட் சர்வீசஸ் 2025 ஜூலையிலும் பட்டியலில் ஏறின. மண்டிக்காரரும் வாங்குபவரும் நேரே பேசிக்கொண்டால் நடுவில் நிற்கும் தரகர் பாடு என்னவாகும் என்று நமக்குத் தெரியும். இங்கும் அதுவே நடந்தது. 2025 செப்டம்பரில் டிரீம்ஃபோக்ஸ் தன் உள்நாட்டு லவுஞ்ச் சேவையை நிறுத்தியது.

இலவசத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?

லவுஞ்ச் நடத்துபவருக்கு விமான நிலையத்துக்குக் கொடுக்க வேண்டிய பங்கு அல்லது வாடகை உண்டு. ஆள் சம்பளம், சாப்பாடு, மின்சாரம் உண்டு. இதற்கெல்லாம் வரவு, உள்ளே வரும் ஒவ்வொரு தலைக்கும் யாரோ ஒருவர் கொடுக்கும் பணம். வந்தவர் நான்கு இட்லி சாப்பிட்டாலும் ஒரு காப்பியோடு எழுந்துவிட்டாலும் தலைக்கு இவ்வளவு என்பது கணக்கு. அளவில்லாச் சாப்பாடு போடும் ஓட்டலைப் போலச் சராசரியில் கட்டுப்படியாக்குகிறார்கள்.

பிசினஸ் கிளாஸ் பயணிக்கு விமானக் கம்பெனி கொடுக்கிறது. அந்தப் பணம் டிக்கெட்டிலேயே அடங்கியிருக்கிறது. நீண்ட தூரப் பயணத்தில் பிசினஸ் கிளாஸ் கட்டணம் சாதாரண வகுப்பைப்போல் மூன்று நான்கு மடங்கு இருப்பது சகஜம். அதற்கு மேல் வரி வேறு. சாதாரண வகுப்புக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். பிசினஸ் கிளாஸுக்கு 12 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். ஆகவே, லவுஞ்சுக்காக யாரும் பிசினஸ் கிளாஸ் வாங்கக் கூடாது. பத்து மணி நேரம் படுத்துத் தூங்கிப் போய் இறங்கியதும் கண்காட்சியில் நின்று பேச வேண்டியவர், உடம்பு ஒத்துழைக்காதவர் வாங்கலாம். நம் வத்தல் வியாபாரி வாங்கியதில் அர்த்தம் இருந்தது. லவுஞ்சில் இருந்த இரண்டு மணி நேரத்தையும் அவர் வீணாக்கவில்லை. குறிப்பு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த ரகத்துக்கு எந்த விலைக்குக் கீழே இறங்கக் கூடாது என்று வரிசையாக எழுதி முடித்துவிட்டார்.

கார்டில் வருபவருக்கு வங்கி கொடுக்கிறது. வங்கிக்கு அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? மூன்று வழி உண்டு. ஒன்று, கார்டுக்கு ஆண்டுச் சந்தா. இரண்டு, தவணை தவறியவர் கட்டும் வட்டி. மூன்று, கார்டு தேய்க்கும் கடைக்காரரிடம் பிடிக்கும் பணம்.

இந்த மூன்றாவதுதான் நம் விஷயம்.

நம் கல்லாவிலிருந்து போகும் பங்கு

வாடிக்கையாளர் நம் கடையில் கிரெடிட் கார்டு தேய்த்தால் பில் தொகை முழுவதும் நம் கணக்குக்கு வருவதில்லை. எம்.டி.ஆர். என்ற பெயரில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதியை வரவு வைக்கிறார்கள். பிடித்த பணத்தை மூவர் பங்கு போடுகிறார்கள்: வாடிக்கையாளருக்குக் கார்டு கொடுத்த வங்கி, நமக்கு இயந்திரம் கொடுத்த வங்கி, விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற அமைப்பு. இதில் பெரும் பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. பரிசுப் புள்ளி, பணத் தள்ளுபடி, லவுஞ்ச் எல்லாவற்றுக்கும் செலவு செய்ய அந்த வங்கிக்கு இது ஒரு முக்கிய வரவு.

டெபிட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2018 ஜனவரி 1 முதல், ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்கு உட்பட்ட சிறு வணிகருக்கு 0.40 சதவீதம், மற்றவர்களுக்கு 0.90 சதவீதம் என்பது வரம்பு. ரூபே டெபிட் கார்டுக்கும் யு.பி.ஐ.க்கும் 2020 ஜனவரி 1 முதல் எம்.டி.ஆர். இல்லை. ஆனால் கிரெடிட் கார்டுக்கு இப்படி ஒரு உச்சவரம்பு கிடையாது. வங்கியும் வணிகரும் பேசிக்கொள்வதுதான் விகிதம். இரண்டு சதவீதம் என்பது நம் கடைகளில் சாதாரணமாகக் காணும் அளவு.

இப்போது மசாலாக்காரர் கார்டுக்கு வருவோம். அவர் லவுஞ்சில் நுழைய முந்தைய காலாண்டில் 50,000 ரூபாய் அந்தக் கார்டில் செலவு செய்திருக்க வேண்டும். அந்த ஐம்பதாயிரத்தை அவர் எங்கே செலவு செய்தார்? மளிகைக் கடையில், ஜவுளிக் கடையில், மருந்துக் கடையில். இரண்டு சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அந்தக் கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து விட்டுக்கொடுத்தது 1,000 ரூபாய். நாம் வாசலில் கையிலிருந்து கட்டிய தொகையும் அதற்குச் சற்று மேல்தான். ஆயிரம் ரூபாய் முழுவதும் லவுஞ்சுக்குப் போய்விட்டது என்று நாம் சொல்லவில்லை. பங்குதாரர்கள் பலர். ஆனால் அவர் சாப்பிட்ட இட்லிக்கும் காப்பிக்கும் நம் கடைகளும் ஒரு பங்கு கொடுத்திருக்கின்றன என்பதில் சந்தேகமில்லை.

ஒரு மளிகைக் கடைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 5,000 ரூபாய்க்கு மாதச் சாமான் வாங்கியவர் கிரெடிட் கார்டு தேய்க்கிறார். இரண்டு சதவீதம் 100 ரூபாய். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட பில் என்பதால் அந்த நூறுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 18 ரூபாய். ஆக 118 ரூபாய் போயிற்று. சீனி, பருப்பு, எண்ணெய் விற்றால் எல்லாச் செலவும் போக நூற்றுக்கு இரண்டோ மூன்றோ நிற்பதே பாடாக இருக்கிறது. அந்த லாபத்தில் பாதிக்கு மேல் ஒரு தேய்ப்பில் போய்விடுகிறது. முழுப் பதிவு உள்ள வணிகர் அந்த 18 ரூபாயை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறலாம். இணக்க முறையில் வரி கட்டும் சிறு கடைக்காரருக்கு அதுவும் இல்லை.

நம் ஊர்க் கமிஷன் மண்டிகளில் சரக்குக் கொண்டுவரும் விவசாயிக்குக் காப்பி வாங்கிக் கொடுப்பார்கள், மதியச் சாப்பாடும் போடுவார்கள். அது தானம் இல்லை, கமிஷனில் அடங்கியது என்று விவசாயிக்கும் தெரியும், மண்டிக்காரருக்கும் தெரியும். கொடுப்பவரே சாப்பிடுகிறார், அதனால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. கார்டு லவுஞ்சில் கொடுப்பவர் ஒருவர், சாப்பிடுபவர் இன்னொருவர். கொடுப்பவருக்குத் தாம் கொடுப்பதே தெரியவில்லை. குறை அங்கேதான்.

இதற்காகக் கார்டே வேண்டாம் என்று கடையில் பலகை மாட்டச் சொல்லவில்லை. கார்டு வைத்திருப்பவர் கொஞ்சம் கூடுதலாக வாங்குகிறார். கடன் சொல்வதில்லை, பணம் முழுதாக வந்துவிடுகிறது. அந்த லாபமும் உண்டு. ஆனால் எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பது வேறு, தெரியாமல் கொடுப்பது வேறு.

பயணம் போகும் வணிகர்களுக்கு

1. கார்டில் லவுஞ்ச் சலுகை இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள். நீங்களும் வேறு வழியில் அதற்குப் பணம் கொடுத்தவர்தான். ஆனால் புறப்படும் முன்பே வங்கியில் கேளுங்கள்: எந்த விமான நிலையம், உள்நாட்டு முனையம் மட்டுமா, வெளிநாட்டு முனையமும் உண்டா, காலாண்டுக்கு எத்தனை தடவை, செலவு நிபந்தனை எவ்வளவு, உடன் வருபவருக்கு உண்டா. நாம் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம்.

2. நிபந்தனைத் தொகையை எட்டுவதற்காகத் தேவையில்லாத பொருளை வாங்காதீர்கள். ஆயிரம் ரூபாய்ச் சாப்பாட்டுக்காக ஐயாயிரம் ரூபாய்ச் சரக்கு வாங்குவது வியாபாரம் ஆகாது.

3. கார்டுத் தொகையைக் கெடு தேதிக்குள் முழுவதும் கட்டுங்கள். குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் மாதம் மூன்று, மூன்றரை சதவீதம் வட்டி ஓடும். மூன்றரை வட்டிக்குக் கடன் வாங்கிச் சரக்குப் போட நம்மில் யாராவது துணிவார்களா?

4. பல லவுஞ்சுகளில் விமான அறிவிப்பு ஒலிபரப்ப மாட்டார்கள். சுகமாகச் சாய்ந்து கண்ணயர்ந்தால் விமானம் போய்விடும். ஏறும் வாசல் புறப்படும் நேரத்துக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம் முன்பே மூடப்படும். பெரிய முனையங்களில் லவுஞ்சிலிருந்து வாசலுக்கு நடக்கவே பதினைந்து நிமிடம் ஆகலாம். கைபேசியில் மணி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் முன்பே எழுந்துவிடுங்கள்.

5. வியாபாரப் பயணம் என்றால் டிக்கெட் எடுக்கும்போதே கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுங்கள். பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

கடையில் இருக்கும் வணிகர்களுக்கு

1. கார்டு இயந்திரம் கொடுத்த வங்கியிடம் எழுத்து மூலம் விகிதப் பட்டியல் கேளுங்கள். டெபிட், சாதாரண கிரெடிட், உயர்வகை கிரெடிட், வணிக நிறுவனக் கார்டு ஒவ்வொன்றுக்கும் விகிதம் வேறாக இருக்கக்கூடும். இயந்திர வாடகையையும் கேளுங்கள்.

2. விகிதம் கல்லில் எழுதியதல்ல. விற்பனை கூடியிருந்தால் குறைக்கச் சொல்லுங்கள். வேறு வங்கியிடமும் விலை கேளுங்கள். சரக்கு வாங்கும்போது நான்கு இடத்தில் விலை கேட்கும் நாம் இதில் மட்டும் ஏன் வாய் மூடி இருக்க வேண்டும்?

3. யு.பி.ஐ. பலகையை முன்னால் வையுங்கள், கார்டு இயந்திரத்தைப் பின்னால் வையுங்கள். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யோடு இணைத்தும் இப்போது பணம் கட்டுகிறார்கள். சிறு வணிகருக்கு 2,000 ரூபாய் வரை அதில் பிடித்தம் இல்லை. அதற்கு மேல் போனால் பிடித்தம் வரலாம். பணம் வந்த சத்தம் கேட்டதோடு நிற்காமல், முழுத் தொகை வந்ததா என்று கணக்கில் பாருங்கள்.

4. கார்டுக்குத் தனியாக இரண்டு சதவீதம் கூட்டிக் கேட்காதீர்கள். அது வங்கியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு விரோதமாகப் போகக்கூடும். வாடிக்கையாளர் மனமும் முறியும். பணமாகவோ யு.பி.ஐ.யிலோ கொடுப்பவருக்கு முகமலர்ச்சியோடு ஒரு சிறு சலுகை காட்டுவது நல்லது.

கொலோனில் வேலை முடித்து ஊர் திரும்பி, வன்னியம்பட்டி விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். எதிரே இருந்த மளிகைக் கடையில் ஒரு இளைஞர் 1,800 ரூபாய்க்குச் சாமான் வாங்கிக் கிரெடிட் கார்டை நீட்டிக்கொண்டிருந்தார். கடைக்காரர் தேய்த்துச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். “இதில் உங்களுக்கு எவ்வளவு பிடிப்பார்கள்?” என்று கேட்டோம். “பிடிப்பார்களா? பாங்கில் மொத்தமாகப் போடுகிறார்கள், நான் பார்த்ததில்லையே” என்றார்.

வணிகப் பெருமக்களே, இந்த மாதம் ஒரு நாள் மாலை கடை அடைத்த பிறகு, கடந்த மூன்று மாத வங்கிக் கணக்கையும் கார்டு விற்பனைச் சீட்டுகளையும் எடுத்து வைத்து ஒத்துப் பாருங்கள். குறைந்த தொகையைக் கூட்டி ஒரு தாளில் எழுதுங்கள். நாம் விமானத்தில் ஏறினாலும் ஏறாவிட்டாலும், அந்தப் பணத்தில் ஒரு பங்கு எங்கோ ஒரு விமான நிலையத்தில் யாருக்கோ காப்பியாகப் போய்க்கொண்டிருக்கிறது. அந்தக் காப்பி என்ன விலை என்றாவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.